சாம்பல் புதனுக்குள் மஸ்கட்

இதை எழுத எனக்கு நான்கு வருடத் தயக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பெங்களூர் பிரேசர் டவுனில் சோபாவுக்கும் கார் சீட்டுக்கும் உறை தைப்பது என் தொழில். ஊசி பிடித்த அளவுக்குப் பேனா பிடித்ததில்லை. ஆனால், மகள் கல்யாணத்துக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் சாட்சி எழுதி நாலு பேருக்குக் கொடுக்கிறேன் என்று ஆண்டவரிடம் நேர்ந்துகொண்டது நான்தான். ஒவ்வொரு தவக்காலமும் தொடங்கும்போது என் மனைவி ஸ்டெல்லா கேட்பாள்: "நேர்ந்துக்கிட்டதும் நீங்க, மறந்து போறதும் நீங்களா?" இந்த வருடம் அவள் கேட்கவே இல்லை. அதுதான் பயமாகிவிட்டது. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஒரே மகள் ஜெசிந்தா மஸ்கட்டில் நர்ஸ். கொரோனா வந்ததிலிருந்து இரண்டு வருடமாக அவள் ஊருக்கு வரவில்லை. மாப்பிள்ளை அந்தோணி கோலார் தங்கவயல் பையன், அவரும் மஸ்கட்டில்தான் ஏசி மெக்கானிக். ஆஸ்பத்திரியில் இவளுக்கு லீவு தரவில்லை, அதனால் கல்யாணம் மஸ்கட்டிலேயே என்று முடிவானது. தேதி, சாம்பல் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை. அதைத் தவறவிட்டால் தவக்காலம் வந்துவிடும். நாற்பது நாளைக்கு எங்களில் கல்யாணம் வைப்பதில்லை. ஈஸ்டர் முடிந்த கையோடு மாப்பிள்ளைக்குப் பாலைவனத்தில் ஆறு மாத வேலை. ஆக, அந்தத் திங்கட்கிழமையை விட்டால் வருடக் கடைசிதான்.

ஜெசிந்தா போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "டாடி, உனக்காக கல்யாணத்த நிறுத்த மாட்டேன். ஆனா நீ கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகலன்னா கோவிலுக்குள்ள கால் வைக்க மாட்டேன்."

"ரெண்டும் எப்படிம்மா?"

"அது உன் பிரச்சினை."

மஸ்கட்டுக்குள் நுழைய என்னென்ன வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினாள். இரண்டு கொரோனா ஊசியும் போட்டதற்குக் கட்டம் போட்ட கியூஆர் குறியோடு சான்றிதழ். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் எடுத்த மூக்குப் பரிசோதனை. கொரோனாவுக்கும் சேர்த்து இன்சூரன்ஸ். அந்த நாட்டுத் தளத்தில் ஒரு படிவம். அந்தக் காலத்தில் இந்த விதிகள் வாரத்துக்கு ஒரு தடவை மாறும். ஜவுளிக்கடை பொம்மைக்குக்கூட அத்தனை சீக்கிரம் புடவை மாற்ற மாட்டார்கள்.

எங்கள் தெரு முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அப்சல் பாயிடம் போனோம். ஸ்டெல்லாவின் சான்றிதழ் பளிச்சென்று வந்தது. என்னுடையதைத் திறந்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அரே ராஜ் பாய், நீங்க ரெண்டு ஆளா?"

"இன்னா பாய் சொல்றீங்க?"

"ஒரு ஆரோக்கியராஜ் மொத ஊசி போட்டிருக்கார். இன்னொரு ஆரோக்கியராஜும் மொத ஊசிதான் போட்டிருக்கார். ரெண்டு பேருக்கும் ரெண்டாவது பாக்கி."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. திரும்பி ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் கடைக்கு வெளியே போகிற ஆட்டோவைப் பார்த்தாள்.

நடந்தது இதுதான். முதல் ஊசிக்கு ஆதார் கார்டைக் கொடுத்தேன். இரண்டாவது ஊசி நேரத்தில் ஜெசிந்தாவுக்கு வரன் அமையவேண்டி ஸ்டெல்லா வீட்டில் குழந்தை இயேசுவுக்கு ஒன்பது வியாழன் நவநாள் தொடங்கியிருந்தாள். எங்களில் சிலருக்கு ஒரு வழக்கம் உண்டு. எதற்காக வேண்டுகிறோமோ அதற்கான காகிதத்தைச் சுரூபத்துக்கு, அதாவது சாமி சிலைக்கு, அடியில் வைப்போம். பரீட்சை என்றால் ஹால் டிக்கெட், வீடு என்றால் பத்திர நகல். பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுக்க வேண்டியவர் அப்பா ஆயிற்றே என்று அவள் என் ஆதார் கார்டை வைத்துவிட்டாள். ஏழாவது வியாழன் நடக்கும்போது எனக்கு ஊசித் தேதி வந்தது. "ஒன்பதும் முடியாம கை வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். நான் ஓட்டுப்போடும் கார்டை எடுத்துக்கொண்டு போனேன். கம்ப்யூட்டருக்கு நவநாள் தெரியுமா? புது ஆள் என்று புதுக்கணக்கு ஆரம்பித்துவிட்டது. ஒன்பதாவது வியாழன் முடிந்த வாரமே அந்தோணி வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள் என்பதையும் நான் மறைக்கக் கூடாது. அதே இடத்திலிருந்துதான் மாப்பிள்ளையும் வந்தார், வம்பும் வந்தது.

அப்சல் பாய் சொன்னார்: "நிக்காஹுக்கு ஒரு ஆரோக்கியராஜ் போகட்டும். இன்னொருத்தர் கடையப் பாத்துக்கட்டும்."

"பாய், கல்யாணத்துக்குப் பதிமூணு நாள்தான் இருக்கு. வெளையாடாதீங்க."

மூவரும் சுகாதார மையத்துக்குப் போனோம். அங்கிருந்த சிஸ்டர் கன்னடத்தில் பொறுமையாகக் கேட்டார். சிரிப்பை மாஸ்க்குக்குள் வைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். பிறகு, "ஒன்று செய்யலாம் ஐயா, இன்னொரு ஊசி போட்டுவிட்டால் ஒருவருக்காவது இரண்டும் முடிந்துவிடும்" என்றார். நான் சட்டைக் கையை மடித்தே விட்டேன்.

"அரே, கைய எறக்குங்க!" என்று அப்சல் பாய் கத்தினார். "கடைசி ஊசி போட்டு பதினாலு நாள் ஆகணும்னு பட்டியல்ல இருக்கு. கல்யாணத்துக்கே இருக்கறது பதிமூணு."

ஒரு நாள் குறைவு. கையை இறக்கினேன். இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கச் சொல்லி அரசாங்கத் தளத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பது ஒன்றுதான் வழி.

ஒவ்வொரு நாள் காலையும் கடையைத் திறக்குமுன் பாய் கடைக்குப் போவேன். "இன்னும் ரெண்டு பேராதான் இருக்கீங்க" என்பார். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம், "இந்தத் தடவை எதையும் அடியில வைக்காத" என்று சொன்னேன். சந்தேகப்பட்டுப் போய்ப் பார்த்தால் எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டும் சுரூபத்துக்கு அடியில். சண்டை போட்டேன். அவளோ, "ஆண்டவரே சேத்து வைக்கும்போது கம்ப்யூட்டர் சேக்காதா?" என்று பருப்பைத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

எட்டாம் நாள் அப்சல் பாய் தெருவிலேயே ஓடிவந்தார். இரண்டு ஆரோக்கியராஜும் ஒன்றாகிவிட்டார்கள். கலரில் அச்செடுத்து, லாமினேஷனும் போட்டுக் கொடுத்தார். நீட்டிய பணத்தை வாங்கவில்லை. "இது பொண்ணுக்கு என் சீர்" என்றார். யார் வழியாக ஆண்டவர் வேலை செய்கிறார் என்பதை அன்றைக்குப் பார்த்தேன்.

அடுத்தது மூக்குப் பரிசோதனை. விமானம் ஞாயிறு விடிகாலை. வெள்ளி எடுத்தால் போதும் என்றேன். நல்ல காரியமெல்லாம் வியாழனில்தான் என்று ஸ்டெல்லா பிடிவாதம். வியாழன் காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுக்கே ஒரு பெண் வந்தார், தலையிலிருந்து கால் வரை வெள்ளை அங்கி. ஸ்டெல்லா காபி நீட்ட, அவர் பாவம், முகத்தை மூடியதைக் கழற்ற முடியாமல் காபியை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு குச்சியை என் மூக்குக்குள் விட்டார். முப்பத்தைந்து வருடமாக நீள ஊசியால் சோபாவுக்குள் பஞ்சைக் குத்தித் தள்ளியிருக்கிறேன். சோபாவுக்கு எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

வியாழன் பத்திலிருந்து எழுபத்திரண்டு மணி நேரம் என்றால் ஞாயிறு காலை பத்து. நம் நேரப்படி ஒன்பதரைக்கு மஸ்கட்டில் இறங்குகிறோம். அரை மணி நேரம் மிச்சம். "பாத்தீங்களா, சரியா இருக்கு" என்றாள் ஸ்டெல்லா.

ஞாயிறு விடியலில் விமான நிலையம் போய்ச் சேர்ந்தால் கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. பனி. இட்லிக் குண்டானைத் திறந்த மாதிரி வெளியெல்லாம் வெள்ளை. விமானம் இரண்டு மணி நேரம் தாமதம் என்று அறிவித்தார்கள். மிச்சமிருந்த அரை மணி நேரம் போய், எழுபத்திரண்டும் தாண்டிவிடும்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் செல்வம் என்று ஒரு கொத்தனார் நின்றிருந்தார். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஊர். மஸ்கட்டுக்கு மூன்றாவது முறையாகப் போகிறார். கவுன்டரில் இருப்பவர்களைவிட அவருக்கு விதிகள் அதிகம் தெரிந்தன. தொற்று இல்லை என்று உறுதிமொழிப் படிவம் ஒன்று எல்லோரும் எழுதித் தர வேண்டியிருந்தது. அங்கே பேனா வைத்திருந்தவர் செல்வம் ஒருவர்தான். ஒருவரையொருவர் தொடாமல் ஆறடி தள்ளி நின்று, நாற்பது பேரும் அந்த ஒரே பேனாவில் கையெழுத்துப் போட்டோம்.

ஸ்டெல்லா அவரிடம் நியாயம் கேட்டாள். "தம்பி, அங்க நேரம் நம்மள விட ஒன்றரை மணி பின்னாடியாமே. அந்த ஒன்றரை மணி நமக்கு லாபந்தானே?"

"அக்கா, கடியாரம்தான் பின்னால போவும். உங்க மூக்குல எடுத்தது பின்னால போவாது" என்றார் செல்வம். "ஆனா பயப்படாதீங்க. உள்ள விடுவாங்க. அங்க எறங்கனதும் மறுபடி மூக்குல எடுத்து, கையில ஒரு பட்டை கட்டுவாங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் ரூம விட்டு நகரக் கூடாது. ஒரு நாளு ஆவும்."

ஒரு நாள். அடுத்த நாள் மாலை நாலரைக்குக் கல்யாணப் பூசை. ஸ்டெல்லா ஜெபமாலையை எடுத்தாள். வியாழக்கிழமையைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாண வீட்டில் ஒருவராவது அடக்கமாக இருக்க வேண்டும்.

விமானத்து இருக்கையைப் பற்றித் தொழில்காரனாக ஒன்று சொல்லிவிடுகிறேன். தையல் நேர், ஆனால் உள்ளே நுரை செத்துப்போய் பலகை தட்டுப்பட்டது. எங்கள் ஊர் பழைய ஆட்டோவில்கூட இதைவிட நன்றாக உட்காரலாம். சாப்பாடு ஒரு பொட்டலத்தில் வந்தது. ஸ்டெல்லா பையிலிருந்து வீட்டில் சுட்ட பலகாரம், கல்கலும் ரோஸ் குக்கீஸும் எடுத்து, இடைகழிக்கு அந்தப்பக்கம் இருந்த செல்வத்துக்கும் கொடுத்தாள். மாஸ்க்கைத் தூக்கி ஒரு கடி, இறக்கி நாலு மெல்லு என்று விமானம் முழுக்க அப்படித்தான் சாப்பிட்டோம்.

மஸ்கட்டில் செல்வம் சொன்னது சொன்னபடி நடந்தது. மறுபடி மூக்கு, கையில் பட்டை. கைக்கடிகாரம் மாதிரி இருந்தது, நேரம் மட்டும் காட்டாது. நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்குக் காட்டுமாம். கட்டிவிட்ட அதிகாரி நெஞ்சில் கை வைத்துத் தலை சாய்த்தார். அத்தனை மரியாதையாக என்னை யாரும் கட்டிப்போட்டதில்லை.

வண்டியில் போகும்போது ஸ்டெல்லா, "ஏங்க, எனக்குக் காது அடைச்சிருக்கா?" என்றாள். இல்லை. அங்கே யாரும் ஹாரன் அடிக்கவில்லை. பெங்களூரில் ஹாரன் இல்லாமல் வண்டி ஓட்டினால் வண்டி ரிப்பேர் என்று நினைப்பார்கள்.

ஜெசிந்தாவின் தோழி ஒருத்தி ஊருக்குப் போயிருந்ததால் அவள் வீடு எங்களுக்குத் தங்கக் கிடைத்தது. மதியம் கதவு தட்டும் சத்தம். திறந்தால் தரையில் டிபன் கேரியர். நாலு எட்டு தள்ளி மாஸ்க் போட்டுக்கொண்டு என் மகள். இரண்டு வருடம் கழித்துப் பார்க்கிறேன். என்னையறியாமல் முன்னால் போனேன்.

"டாடி, கிட்ட வராத! நாளைக்கு எனக்குக் கல்யாணம்."

நர்ஸ் நர்ஸ்தான். நின்ற இடத்திலிருந்தே அம்மாவிடம் பூ, புடவை, தாலி எல்லாம் விசாரித்தாள். போகும்போது லிப்ட் கதவு மூடும்வரை கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஸ்டெல்லா உள்ளே வந்து கேரியரை ரொம்ப நேரம் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

கேரியரில் சுட்ட மீன், குபூஸ் என்ற ரொட்டி, பழுப்பாக ஓர் அல்வா. குபூஸ் சூடாக இருக்கும்வரை பஞ்சு, ஆறினால் ரெக்சின். அல்வாவை ஒரு வாய் வைத்துவிட்டு ஸ்டெல்லா, "இது நம்ம அல்வாவுக்குச் சித்தப்பா மகன். சாயல் இருக்கு, பழக்கமில்ல" என்றாள். பிறகு முழுதும் அவளே தின்றாள்.

மாலையில் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. அந்த வீட்டு சோபாவின் ஓரத் தையல் பிரிந்திருந்தது. டப்பாவில் ஊசி நூல் கிடைத்தது. தைக்க ஆரம்பித்தேன். சிறை வைத்தவர்களின் சோபாவைச் சரிசெய்கிற கைதி நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

திங்கட்கிழமை. ஜெசிந்தாவின் போன் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டாள். "மம்மி நெகட்டிவ். டாடிது இன்னும் வரல."

ஒன்றாகப் போனோம், ஒரே குச்சிக்காரர்தான் எடுத்தார். ஆனாலும் ஸ்டெல்லா முழுசு, நான் மறுபடியும் பாக்கி. இரண்டு மணிக்கும் வரவில்லை. ஸ்டெல்லா புடவை கட்டிக்கொண்டாள். தாலி இருந்த கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"தாலி என்கிட்ட இருக்குங்க. நான் போயாகணும்."

"போ. நேரமாச்சுன்னா நீயே புடிச்சுக் கூட்டிட்டுப் போயிடு."

"அவ என் கையப் புடிக்க மாட்டா. உங்க பொண்ணுதானே, பிடிவாதம் எங்கிருந்து வந்துச்சு?" என்று சொன்னாள். லிப்ட்டுக்குப் போய்விட்டாள்.

கோட்டு போட்டு, பூ குத்திக்கொண்டு, தைத்து முடித்த சோபாவில் உட்கார்ந்தேன். அப்போது நான் செய்த ஜெபத்தில் அழகான வார்த்தை ஒன்றும் இல்லை. "ஆண்டவரே, முப்பத்தொரு வருஷமா இவ என்கிட்ட ஒண்ணும் பெருசா கேக்கல. இத ஒண்ணு கேட்டிருக்கா. அனுப்பி வையும்." அப்போதுதான் சாட்சி எழுதுவதாக நேர்ந்துகொண்டேன்.

மூன்று ஐம்பதுக்குப் போன் அடித்தது.

"டாடி! நெகட்டிவ்! நெகட்டிவ்!"

கல்யாணப் பெண் இந்த வார்த்தையை இத்தனை சந்தோஷமாகக் கத்தி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கீழே வண்டி தயாராக நின்றது. ஓட்டியவர் குஞ்ஞுமோன் என்ற மலையாளி. "சேட்டா, பட்டை வெட்டிட்டுத்தான் போகணும். வழியில கிளினிக் உண்டு" என்றார்.

கிளினிக்கில் ஒன்பது பேர் வரிசை. கோட்டும் பூவுமாகப் பத்தாவதாக நின்றேன். குஞ்ஞுமோன் வரிசையைப் பார்த்து இந்தியில் ஏதோ சொன்னார். வெள்ளை அங்கி போட்ட ஓர் ஓமானியப் பெரியவர் முதலில் நின்றார். திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்து, அரபியில் நாலு வார்த்தை பேசிவிட்டு, என் கையைப் பிடித்துத் தனக்கு முன்னால் நிறுத்தினார்.

"என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

"பெண்ணோட அப்பன் வரிசையில நின்னா அது ஊருக்கே அவமானம்னு."

மற்ற எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். வங்காளி, பாகிஸ்தானி, யார் யாரோ. கத்தரிக்கோல் பட்டையை வெட்டியது. ஓடினேன்.

கோவிலுக்குப் போனபோது நாலு நாற்பது. எல்லோரும் உள்ளே. வாசல் வெயிலில் வெள்ளைப் புடவையில் ஜெசிந்தா மட்டும் நின்றாள், பக்கத்தில் ஸ்டெல்லா அவள் தலைக்கு மேல் கைப்பையைக் குடையாகப் பிடித்திருந்தாள். முகத்திரைக்குள்ளிருந்து மகள் சொன்னாள்: "பத்து நிமிஷம் லேட். ஃபாதர் ரெண்டு தடவை வந்து பாத்துட்டுப் போயிட்டார்." பிறகு கையை நீட்டினாள். பிடித்தேன். முந்தின நாள் நாலு எட்டு தள்ளி நின்ற கை.

பாட்டு தொடங்கியது. உள்ளே நடந்தோம். ஓடிவந்த மூச்சு, மாஸ்க், ஆவி படிந்த மூக்குக்கண்ணாடி. மூன்றும் சேர்ந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் வெள்ளை. இடதும் தெரியவில்லை, வலதும் தெரியவில்லை.

"டாடி, நேரா வா. பெஞ்சுல இடிக்காத" என்று மெதுவாகச் சொன்னாள். "இப்ப படி. மூணு படி. ஒண்ணு... ரெண்டு..."

பீடத்துக்கு முன்னால் நின்றோம். எனக்கு எதிரே வெள்ளையாக ஓர் உருவம். மாப்பிள்ளை வெள்ளைக் கோட்டு போடப்போகிறார் என்று சொல்லியிருந்தார்கள். முப்பத்தொரு வருடம் வளர்த்த மகளின் கையை எடுத்து, ஆண்டவரை நினைத்து, அந்தக் கையில் வைத்தேன்.

"டாடி," என்றாள் ஜெசிந்தா, "இது ஃபாதர்."

முதலில் சிரித்தவர் ஃபாதர்தான். பிறகு கோவில் முழுக்க. அந்தோணி பக்கத்திலிருந்து, "மாமா, நான் இங்க இருக்கேன்" என்று கையை நீட்ட, ஃபாதரே அவள் கையைத் திருப்பிக் கொடுத்தார். ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சாம்பல் புதனுக்கு இரண்டு நாள் இருந்தது. ஆண்டவருக்கு நன்றி.

எங்கள் பங்குக் கோவிலில் இந்தக் கதை வாய்க்கு வாய் வளர்ந்துகொண்டே போகிறது. வரிசையில் என்னை முன்னால் விட்ட பெரியவரைச் சம்மனசு, வானதூதர் என்கிறார்கள். அவருக்கு மூக்குப்பொடி போடும் பழக்கம் இருந்தது, மாஸ்க் இறங்கியிருந்த மூக்கருகே பார்த்தேன், மனிதர்தான். அதனால்தான் இன்னும் நன்றியாக இருக்கிறது. இதைப் படிக்கிறவர்கள் தங்களுக்குத் தெரிந்த நாலு பேருக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது எழுதியிருப்பதை எழுதியபடியே கொடுங்கள், அற்புதம் புதுமை ஒன்றும் சேர்க்க வேண்டாம். என் மேல் உள்ள அன்பில், ஃபாதர் கையில் பெண்ணைக் கொடுத்த இடத்தையும் எடுத்துவிட வேண்டாம்.